லூலியோவிலிருந்து

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி வயலுக்குப் போகிறாய் என்று படித்ததும் நிம்மதி. பேத்தி பத்தாவது பாஸ் செய்ததற்கு என் ஆசியைச் சொல்.

நான் வடக்கு ஸ்வீடனில், லூலியோவில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன ஞாயிறு பழைய ஊரான காமல்ஸ்டாடுக்குக் கூட்டிப்போனாள். நடுவில் கல் தேவாலயம், சுற்றிலும் நெருக்கி நிற்கும் சிவப்பு மரவீடுகள், வெள்ளைச் சன்னல் சட்டங்கள். முன்பு இங்கேதான் துறைமுகமாம். தரை உயர்ந்துகொண்டே போய், கப்பல் வர ஆழம் போதாமல், 1649இல் ஊரையே கடலோரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள்.

பனியுகத்தில் இந்த நாட்டின் மேல் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் கனத்துக்குப் பனி கிடந்தது. அந்தப் பாரத்தில் நிலம் அமுங்கியது. பனி போய்ப் பத்தாயிரம் ஆண்டு ஆகப்போகிறது, இன்னும் இந்தப் பக்கம் நிலம் ஆண்டுக்கு 8, 9 மில்லிமீட்டர் எழுந்துகொண்டிருக்கிறது.

பனி உருகினால் பூமி அதிருமா என்று கேட்டாயே, இங்கே அதிர்ந்திருக்கிறது. லாப்லாந்தில் பார்வி என்ற பிளவு 150 கிலோமீட்டருக்கு நீள்கிறது. சில இடங்களில் 10 மீட்டர் உயர மேடாகவே நிற்கிறது. பனி விலகிய காலத்தில் வந்த, 8 ரிக்டரை ஒட்டிய நிலநடுக்கத்தின் தடம் அது. கண்டத்தட்டுகள் தள்ளுவதால் பாறைக்குள் இறுக்கம் சேர்ந்துகொண்டே இருந்தது. பனியின் எடை பிளவை அழுத்திப் பிடித்து நகரவிடாமல் வைத்திருந்தது. எடை போனதும் பிடி விட்டது. அதனால், சேர்ந்த அதிர்வை அத்தனை காலம் தள்ளிப்போட்டது பனி என்றுதான் சொல்வேன். அந்தப் பிளவில் இன்றும் சிறு அதிர்வுகள் பதிவாகின்றன.

என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. இந்த நாட்டில் ஃபோர்ஸ்மார்க் என்ற இடத்தில் அணுக்கழிவைச் சுமார் 500 மீட்டர் ஆழத்தில் புதைக்க 2022இல் அரசு அனுமதி கொடுத்தது. ஒரு லட்சம் ஆண்டு அது பத்திரமாக இருக்க வேண்டும். அதற்குள் இன்னொரு பனியுகம் வந்து போனால் எந்தப் பிளவு நகரும், கழிவை அடைத்த செப்புப் பெட்டிகள் தாங்குமா என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். பிறக்காத தலைமுறைக்காக இவ்வளவு மெனக்கெடுவதைப் பார்த்து மனம் நெகிழ்ந்துவிட்டது.

உன் பக்கம் இதனால் பயமில்லை. பெரும் பனி இப்போது குறைவது கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும்தான். அங்கே நிலம் எழுவதை ஜிபிஎஸ் கருவிகள் அளந்துகொண்டிருக்கின்றன. அந்த அளவீடுகள் ஒரு வருஷம்கூட விட்டுப்போகக் கூடாது.

அப்புறம், ஆவணியில் திரும்புகிறேன். மழை பெய்ததா என்று எழுது.

அன்புடன்,
ராஜு