கிணறு வெட்டும் முன் மண்ணையும் சோதியுங்கள்

கண்ணிவெடி அகற்றும் பணிக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும் களத்தில் நிற்கும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

கிளிநொச்சி மாவட்டத்து முகமாலையிலும் கிளாலியிலும் காணிகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தக்காரர் கைக்குத் திரும்புகின்றன. வெயிலில் குந்தியிருந்து மண்ணை வாரி வாரி மிதிவெடி எடுத்தவர்களுக்கு, அதிலும் குடும்பத்தைத் தனியே தாங்கிக்கொண்டு அந்த வேலைக்குப் போன பெண்களுக்கு, நாங்கள் பட்ட கடன் பெரியது. அந்த நன்றியோடுதான் இதைக் கேட்கிறேன்: காணியைக் கையளிக்கும் முன், அந்த மண்ணில் வெடிமருந்து எச்சம் உண்டா என்றும் பாருங்கள்.

வெடி இல்லாத காணி என்றால் கால் தப்பும். ஆனால் எங்கள் சனம் குடிப்பது அந்தக் காணியின் கிணற்று நீரைத்தான். வெடிகளில் இருக்கும் முக்கிய மருந்துகள் ரி.என்.ரி, ஆர்.டி.எக்ஸ் என்பவை. ரி.என்.ரி பெரும்பாலும் மண்ணைப் பற்றிக்கொள்ளும், நுண்ணுயிர்களால் வேறு சேர்மங்களாகவும் மாறும். ஆர்.டி.எக்ஸ் அப்படியல்ல. மண்ணில் அதிகம் ஒட்டாமல் மழைநீரோடு கீழே இறங்கிவிடும். அமெரிக்காவின் கேப் கொட் பகுதியில், மணற்பாங்கான ஒரு இராணுவப் பயிற்சித் திடலின் நிலத்தடி நீரில் இப்படித்தான் ஆர்.டி.எக்ஸ் கலந்தது. 1997 இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அங்கே குண்டுப் பயிற்சியையே நிறுத்த வைத்தது. வாழ்நாள் முழுக்கக் குடிக்கும் நீருக்கு அந்த முகமை சொல்லும் வழிகாட்டி அளவு, ரி.என்.ரி, ஆர்.டி.எக்ஸ் இரண்டுக்குமே லீற்றருக்கு 2 மைக்ரோகிராம்தான். பளைப் பக்கத்து மணலும், ஆழமில்லாத எங்கள் கிணறுகளும் உங்களுக்குத் தெரியாதவை அல்ல.

எல்லாக் காணியையும் சோதிக்கச் சொல்லவில்லை. பெரும்பாலான தோட்டங்களில் ஒன்றும் அகப்படாது என்றே எதிர்பார்க்கிறேன், வீண் பயம் கிளப்புவதும் என் நோக்கமல்ல. முழுதாக வெடித்த குண்டு மிகக் குறைவான எச்சத்தையே விடும். அரைகுறையாக வெடித்ததும், கோது உடைந்து மருந்து வெளியே கொட்டிக் கிடப்பதும்தான் கவலைக்குரியவை. ஆகவே எடுத்த வெடிகளைச் சேர்த்து அழித்த குழிகள், பழைய பங்கர்கள், வெடிமருந்துக் கிடங்கு இருந்த இடங்கள், இவற்றில் தொடங்குங்கள்.

மாதிரி எடுக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. எச்சம் மண்ணில் சீராகப் பரவியிருக்காது, சிறு துணிக்கைகளாகச் சிதறிக் கிடக்கும். ஓரடி தள்ளி எடுத்த இரண்டு மாதிரிகள் நூறு மடங்கு வேறுபடலாம். மூலைக்கு ஒரு பிடி மண் எடுத்து ‘ஒன்றுமில்லை’ என்று எழுதுவதைச் சோதனை என்று சொல்ல முடியாது. ஒரு துண்டு நிலத்தில் 30 இடங்களிலாவது, முடிந்தால் 100 வரை, சிறிது சிறிதாக மண் எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து ஒற்றை மாதிரியாக்க வேண்டும். அப்புறம் நிழலில் உலர்த்தி, 2 மில்லிமீற்றர் சல்லடையில் சலித்து, மாவாக அரைத்த பிறகே பகுப்பாய்வுக்குப் போக வேண்டும். அங்கே ரி.என்.ரி சிதைந்து உண்டாகும் சேர்மங்களையும் சேர்த்துத் தேட வேண்டும்.

முதற்கட்டத்துக்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. மண்ணை அசற்றோன் என்ற கரைப்பானில் குலுக்கி வடித்து வன்காரம் சேர்த்தால், ரி.என்.ரி இருக்கும் இடத்தில் சிவப்பு நிறம் வரும். கிலோவுக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம் வரை இதில் பிடிபடும். ஆர்.டி.எக்ஸுக்கு நாகமும் (துத்தநாகம்) அமிலமும் சேர்க்கும் வேறொரு நிறச் சோதனை உண்டு, அதில் இளஞ்சிவப்பு வரும். ஒரு கவனம்: உரத்தில் உள்ள நைத்திரேற்றும் அதே நிறத்தைத் தரும், எனவே அதை முதலில் நீக்க வேண்டும். உரம் போட்டுப் பழகிய எங்கள் மண்ணில் இதை மறந்தால் முடிவு பிழைத்துவிடும். சந்தேகமான மாதிரிகளை மட்டும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது, அவர்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் 2017 இல் இலங்கை இணைந்தபோது, வெடிகளை அகற்றி முடிக்க வந்த கெடு 2028 ஜூன். பணி முடிந்தால் அணிகள் கலைந்துவிடும், எந்தக் குழியில் எதை அழித்தார்கள் என்று தெரிந்தவர்களும் ஊர் திரும்பிவிடுவார்கள். சோதனைக்குப் பணம் பிந்தி வந்தாலும் சரி, அழிப்புக் குழிகளின் வரைபடங்களை இப்போதே பிரதேச செயலகத்திலும், காணிக்காரர் கையிலும் ஒவ்வொரு பிரதி கொடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
பச்சிலைப்பள்ளியிலிருந்து
ஓர் இரசாயனவியல் ஆசிரியர்