மீட்டிங் பர்மிஷன் அதிகாரி இஷ்டமா?

ஆசிரியருக்கு வணக்கம்,

கரூர் வேலுசாமிபுரத்துல 2025 செப்டம்பர் 27 அன்னைக்கு தவெக தலைவர் விஜய் மீட்டிங்ல 41 பேர் செத்ததுக்கு அப்புறம் எந்த கட்சி மீட்டிங்னாலும் பாதுகாப்பு பத்தி தான் முதல் பேச்சு, இருக்கணும் தான், அதுல எனக்கு மாத்துக்கருத்து கிடையாது. அன்னைக்கு விஜய் எங்க நாமக்கல்லுக்கு வந்துட்டு தான் அங்க போனாரு. மதியம் 12 மணின்னு கட்சி அறிவிச்சதை நம்பி காலைலயே வந்து நின்ன ஜனம், அவர் போய் சேர்ந்தது ராத்திரி 7 மணி வாக்குல. 10 ஆயிரம் பேர்னு சொல்லி வாங்குன பர்மிஷன், வந்தது 27 ஆயிரம்னு போலீஸே சொன்னாங்க.

ஆனா யாரோ பேசுன பேச்சால அங்க யாரும் சாகல, நெரிசல்ல மூச்சு முட்டி செத்தாங்க. அப்போ கட்டுப்படுத்த வேண்டியது எத்தனை பேரு, எப்போ வர்றாங்க, வெளிய போக வழி எது, ஆம்புலன்ஸ் எப்படி உள்ள வரும், இதைத்தானே? நடந்தது என்னன்னா அடுத்த ரெண்டு மூணு நாள்லயே வதந்தி பரப்புனாங்கன்னு 25 சோஷியல் மீடியா அக்கவுண்ட் மேல சென்னை போலீஸ் கேஸ் போட்டாங்க, ஒரு யூடியூபரையும் அரெஸ்ட் பண்ணாங்க. செத்தவங்க எண்ணிக்கையை வேணும்னே ஏத்தி சொல்றவன் மேல நடவடிக்கை எடுங்க, சரி. இந்த இடத்தை ஏன் கொடுத்தீங்கன்னு கேக்கறவனையும் அதே கணக்குல சேர்த்தா எப்படி? அக்டோபர் 13-ல சுப்ரீம் கோர்ட்டே கேஸை சிபிஐ கிட்ட கொடுத்துச்சு, கேள்வி இருந்ததால தானே.

1972-லயே அகமதாபாத் ஹிம்மத்லால் ஷா கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டோட 5 நீதிபதிங்க பெஞ்ச் தெளிவா சொல்லியாச்சு, ரோட்டுல மீட்டிங் போட கட்டுப்பாடு வைக்கலாம், ஆனா எந்த வழிமுறையும் இல்லாம அதிகாரி நெனச்சா மறுக்கலாம்ங்கற விதி செல்லாதுன்னு. இங்க சென்னைல இன்னும் 1888-ம் வருஷ போலீஸ் சட்டத்துல கூட்டம், ஊர்வலத்தை கட்டுப்படுத்த போலீஸுக்கு அதிகாரம் கொடுக்கற 41-வது பிரிவை தான் தூக்கிட்டு வர்றாங்க. ஆட்சில இருக்கறப்ப அது எந்த கட்சிக்கும் உறுத்தாது, எதிர்க்கட்சி ஆனதும் தான் பேசவும் கூட்டம் கூடவும் உரிமை கொடுக்கற அரசியல் சாசனம் 19-வது பிரிவு ஞாபகம் வரும், ரெண்டு கழகமும் இதுல ஒண்ணு தான்.

பர்மிஷன் இல்லன்னா காரணத்தை எழுதி ஒரு வாரம் முன்னாடியே கொடுங்க, முந்தின நாள் சாயங்காலம் கொடுத்தா கோர்ட்டுக்கு போக நேரம் ஏது. எந்த இடம் எத்தனை பேர் கொள்ளும்னு மாவட்ட வாரியா அளந்து எல்லாரும் பாக்கற மாதிரி லிஸ்ட் போட்டுடுங்க, முதல்வர் விழாவுக்கும் அதே கணக்கு, நேத்து ஆரம்பிச்ச கட்சிக்கும் அதே கணக்கு. தலைவரு சொன்ன நேரத்தை விட ரெண்டு மணி நேரம் லேட்டா, அப்போ மீட்டிங்கை கேன்சல் பண்ணுங்க, எந்த கட்சியா இருந்தாலும் சரி, அதுக்கு நானே கை தட்டுவேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருத்தர், நாமக்கல்