பாம்பன் தீவின் பேரிடர்த் திட்டம்: தங்கி வாழ்கிறவர்களிடமிருந்து தொடங்குங்கள்

மதிப்பிற்குரிய ராமநாதபுரம் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. பாம்பனில் மூன்றே மணி நேரத்தில் 19 செ.மீ. பெய்தது. இதே தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. என் தாயார் அரிசி மூட்டையைக் கட்டிலில் ஏற்றி வைத்தார். கட்டிலும் நனையத் தொடங்கியபோது அதைப் பரணுக்குத் தூக்கினோம். கடல் பொங்கி வந்த நீர் அல்ல அது, வெறும் மழைநீர். எங்கள் தெருவில் பழைய சாலையைப் பெயர்க்காமல் அதன் மேலேயே மறுபடி மறுபடி தளம் போட்டதால், வாசற்படியை விடச் சாலை ஒரு முழம் உயர்ந்துவிட்டது. மணல் பூமியான இந்தத் தீவு ஒரு காலத்தில் எவ்வளவு மழையையும் உறிஞ்சிக் கொண்டது. மிஞ்சியதை ஊரணிகள் வாங்கிக் கொண்டன. இன்று மணலைச் சிமெண்டு மூடியிருக்கிறது, ஊரணிகள் பல மேடாகிவிட்டன.

1988-இல் சாலைப் பாலம் வந்தது. 2017-இல் தனுஷ்கோடிக்கு அப்பால் தீவு முடியும் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது. இவை எல்லாவற்றுக்கும் நாங்கள் நன்றியுடையவர்கள். ஆனால் இவை தீவுக்கு வருவதற்கும் தீவிலிருந்து போவதற்குமான பணிகள். காற்று வேகம் கூடினால் ரயில் நின்றுவிடும். சாலைப் பாலத்திலும் போக்குவரத்தை நிறுத்த வேண்டிவரும். அந்த நேரத்தில் தீவுக்குள் இருப்பவர்கள் தீவுக்குள்ளேயே பிழைத்தாக வேண்டும். அடுத்த பேரிடர்த் திட்டத்தை, தீவு துண்டிக்கப்படும் அந்த இரண்டு மூன்று நாட்களிலிருந்து வகுக்கத் தொடங்குங்கள் என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில் வடிகாலைப் பற்றிச் சொல்கிறேன். வாடைக்காற்று பலமாக வீசும் ஐப்பசி, கார்த்திகையில் வடகடல், அதாவது தீவுக்கு வடக்கே உள்ள பாக் நீரிணைக் கடல், கரையை நோக்கி ஏறி நிற்கிறது. மழையும் அதே மாதங்களில்தான். வடகடலில் போய் முடியும் கால்வாயின் வாய் கடல்மட்டத்துக்குத் தாழ்வாக இருந்தால், உள்ளிருக்கும் நீர் வெளியேறாததோடு கடல்நீரும் ஊருக்குள் ஏறும். ஆகவே எந்தக் கால்வாயைக் கட்டும் முன்பும் தீவு முழுவதற்கும் மேடு பள்ளம் அளந்து, ராமேசுவரம் நகராட்சி, தங்கச்சிமடம், பாம்பன் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரே வரைபடம் போட வேண்டும். இயன்ற இடத்திலெல்லாம் நீரைத் தென்கடலான மன்னார் வளைகுடாப் பக்கம் திருப்பி, வடக்கே திறக்கும் வாய்களில் கடல்நீர் எதிரேறாதபடி கதவு அமைக்க வேண்டும். ஊரணிகளைத் தூர்வாருவது இதில் கடைசி வரியாகச் சேர்க்கும் வேலை அல்ல. தனுஷ்கோடியில் கடலுக்குச் சில அடி தூரத்தில் பெண்கள் மணலைக் கையால் தோண்டி, ஊறி வரும் நல்ல தண்ணீரைச் சிரட்டையில் மொண்டு குடத்தில் ஊற்றுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உப்பு நீரின் மேல் மிதக்கும் அந்த நன்னீர்ப் படலம் மழைநீர் மண்ணில் இறங்கினால்தான் நிலைக்கும். புயல் நாட்களில் நமக்குக் கைகொடுக்கக் கூடியதும் அதுதான்.

அடுத்தது படகுகள். பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதும் மக்களை மேட்டுக்கு வரச் சொல்கிறீர்கள். பெண்களும் பிள்ளைகளும் வருகிறார்கள். ஆண்கள் பலர் வருவதில்லை. கடன் வாங்கி வாங்கிய படகு நங்கூரம் அறுந்து பக்கத்துப் படகில் மோதிச் சிதறுவதை விட்டுவிட்டு எந்த மீனவராலும் போய்ப் படுக்க முடியாது. இதைப் பிடிவாதம் என்று எழுதிவிடாதீர்கள். வாடை வீசும்போது தெற்குக் கரையிலும், சோழகம் என்னும் தென்காற்று வீசும்போது வடக்குக் கரையிலும் நாட்டுப்படகுகளைப் பாதுகாப்பாகக் கட்டிவைக்க இடம் அமைத்துக் கொடுத்தால், அதுவே உயிர்காக்கும் பணியாகும்.

பாதுகாப்பு மையங்களைப் பொறுத்தவரை கட்டடத்தோடு வேலை முடிந்துவிடுவதில்லை. ஒரு மழை இரவில் நாங்கள் சென்ற மையம் பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று தேடவே ஒரு மணி நேரம் ஆயிற்று. சாவி அந்தந்தத் தெருவிலேயே இருவரிடம் இருக்கட்டும். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, ஆடுகளைக் கட்ட ஒரு கொட்டகை, ஜெனரேட்டருக்கு டீசல், ராமேசுவரம் அரசு மருத்துவமனையில் மூன்று நாளைக்கான ஆக்சிஜனும் மருந்தும் என்று தேவைகளை முன்கூட்டியே கணக்கிடுங்கள். அந்தக் கணக்கில் யாத்ரீகர்களும் இருக்க வேண்டும். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் பேருந்து பேருந்தாக இங்கே வருவது புயல் வரும் கார்த்திகை, மார்கழியில்தான். அரிச்சல்முனைச் சாலையில் இருபுறமும் கடல். அங்கே நிற்கும் பயணிகளுக்கும் குடிசைகளில் வாழும் மீனவக் குடும்பங்களுக்கும் தூண்கள் மேல் உயர்த்திய ஓர் அடைக்கலம் வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து புறப்பட்ட ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டுபோன இடம் அது.

மணல்மேடுகளையும் பனைகளையும் பவளப்பாறைகளையும் கட்டுமானப் பட்டியலில் சேர்க்குமாறு வேண்டுகிறேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் மூழ்கிவிட்டன. அவற்றைக் காத்த பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் வெட்டியெடுத்தது அதற்கு முக்கியக் காரணம். கடற்கரை மணல்மேட்டைச் சமன்செய்து விடுதி கட்ட அனுமதிப்பதும் அதே போன்ற செயல்தான்.

திட்ட வரைவை முடிவு செய்வதற்கு முன், வரும் ஆவணி மாதத்துக்குள், தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் மக்கள் கூட்டம் கூட்டி வரைபடத்தைச் சுவரில் மாட்டுங்கள். மழைநீர் எந்தச் சந்தில் திரும்புகிறது, எந்த வீட்டின் முன் நிற்கிறது என்று ஒவ்வொரு தெருக்காரரும் அதில் கோடு போட்டுக் காட்டுவார்கள். கூட்டத்தை மீனவர்கள் கடலுக்குப் போகாத நாளில் வைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்தில் வாழும் ஒரு குடிமகன்