கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன்

கொழிஞ்சாம்பாறை

கண்ணு,

நீ அனுப்பிய படங்களை ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். தண்ணீருக்குள் கதவு திறக்கிற படம் பிரமாதம். கதவின் நிழல் மட்டும் வெயில் வரும் பக்கமே விழுகிறது, சரிசெய். முறையாகப் படிக்காதது என் படங்களில் தெரிகிறது, கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிற வேலையை விட்டுவிட்டு ஃபோட்டோகிராபி கோர்ஸில் சேரப் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஜான் லாஃப்லின் என்று ஒரு புகைப்படக்காரர் இருந்தார், உன்னைப் போலவே கனவு மாதிரியான படங்கள் எடுத்தவர். 1905இல் லூசியானாவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா தவறிவிட்டார், ஹைஸ்கூலையும் முடிக்கவில்லை. பிரெஞ்சுக் கவிதைகளில் பைத்தியம், எழுத்தாளராக வேண்டும் என்றுதான் ஆசை. இருபதுகளில் கேமராவைக் கையிலெடுத்து, தானே கற்றுக்கொண்டார்.

வயிற்றுப்பாட்டுக்குக் கட்டிடங்களைப் படம் எடுத்தார். அதுதான் அவருக்குப் பள்ளிக்கூடம் என்பது என் கணிப்பு. எந்த மணிக்கு எந்தச் சுவரில் வெயில் விழும், தூண் எப்படி நேராக நிற்கும் என்று தெரிந்தவனால்தான் அதே வீட்டில் பேயையும் நிறுத்த முடியும். மிஸிசிப்பிக் கரையில் பாழடைந்துகொண்டிருந்த தோட்ட மாளிகைகளை எடுத்து 1948இல் புத்தகமாகப் போட்டார். சித்தூரில் சோகநாசினி ஆற்றங்கரைப்பக்கம் பூட்டிக் கிடக்கும் பழைய வீடுகளைப் பார்த்தால் எனக்கு அந்த ஆள் ஞாபகம்தான்.

உன்னைப் போல் படங்களை ஒன்றாகச் சேர்க்கக் கம்ப்யூட்டர் ஏது அப்போது? ஒரே ஃபிலிமில் இரண்டு தடவை எடுக்கிற டபுள் எக்ஸ்போஷர், இல்லையென்றால் டார்க்ரூமில் இரண்டு நெகட்டிவைச் சேர்ப்பது. நானும் ஒரே ஆளை ஒரே படத்தில் இரண்டு பக்கமும் உட்கார வைத்தவன்தான். லென்ஸில் பாதியைக் கறுப்புத் தாளால் மறைத்து ஒரு தடவை, ஃபிலிமைச் சுற்றாமல் தாளை மறுபக்கம் மாற்றி இன்னொரு தடவை. நடுவில் கேமரா இம்மி அசைந்தாலும் கோடு விழுந்துவிடும். ஜனங்கள் பார்த்துச் சிரித்துவிட்டுக் காசு கொடுப்பார்கள். லாஃப்லினின் படத்தில் பெண்ணின் முகத்தோடு முகமூடி கலந்து கிடப்பதைப் பார்த்தால் சிரிப்பு வராது.

ஒவ்வொரு படத்துக்கும் நீள நீளமாக விளக்கம் வேறு எழுதுவார். அது எனக்குக் கொஞ்சம் அதிகப்படி. நீ அந்த வழிக்குப் போகாதே. 1985இல் காலமானார். சுமார் 17,000 நெகட்டிவ் சேர்த்து வைத்திருந்தாராம். நீ ஹார்ட்டிஸ்கை இன்னொரு பிரதி எடுத்து வைத்திருக்கிறாயா?

தை முகூர்த்தங்களை விட்டுவிடாதே. மண்டபம் மண்டபமாக வெளிச்சம் பார்த்துப் பழக உனக்குக் காசும் கொடுத்துக் கூப்பிடுகிறார்கள். படித்தே ஆக வேண்டும் என்றால் பிரிண்ட் போடக் கற்றுத் தரும் இடமாகப் பார், அந்தச் செலவு என்னுடையது. அட்வான்ஸ் கட்டிவிட்டாயா இல்லையா என்று மட்டும் இன்றைக்கு ராத்திரி ஃபோன் பண்ணிச் சொல்.

அப்பா