கால்பந்து நட்சத்திரங்களை வைத்து கிரிக்கெட் அணி போடுவோருக்கு

கனவு லெவன் போடும் நண்பர்களே,

உலகக் கோப்பை நெருங்கினால் உங்கள் பட்டியல்களும் வந்துவிடுகின்றன. மெஸ்ஸி தொடக்க ஆட்டக்காரர், பெக்காம் ஸ்விங், கிரவுச் வேகப்பந்து, கோல் கீப்பர் நோயர் விக்கெட் கீப்பர். விளையாட்டுக்குத்தான் போடுகிறீர்கள். ஆனால் கிளப் அளவில் கிரிக்கெட் கற்றுக்கொடுக்கும் எங்களுக்கு அதைப் பார்த்துவிட்டுத் திருத்தாமல் இருக்க முடியவில்லை. பெயரைப் பார்த்து இடம் கொடுக்கிறீர்கள். கையைப் பார்ப்பதே இல்லை.

கோல் கீப்பரிலிருந்து தொடங்கலாம். கண்ணைப் பொறுத்தவரை உங்கள் தேர்வு சரி. பெனால்டிப் புள்ளி கோலிலிருந்து 11 மீட்டர்; 100 கி.மீ. வேகத்தில் உதைத்த பந்து ஏறக்குறைய 0.4 விநாடியில் வந்துவிடும். 140 கி.மீ. வேகப்பந்து மட்டையாளரை அடைய 0.45 விநாடி. இரண்டும் ஒரே அவசரம்தான். சிக்கல் உள்ளங்கையில் இருக்கிறது. கோல் கீப்பருக்குப் பந்தைத் தட்டிவிட்டாலே பாராட்டு. விக்கெட் கீப்பருக்குப் பக்கத்தில் நிற்கும் ஸ்லிப்பில் தட்டிவிட்டால் அது கோட்டைவிட்ட கேட்ச். 410 முதல் 450 கிராம் எடையும் 68 முதல் 70 செ.மீ. சுற்றளவும் உள்ள பந்துக்கு விறைப்பாகக் கையை நீட்டிப் பழகியவர், 156 முதல் 163 கிராம் எடையில் 23 செ.மீ.கூடச் சுற்றளவில்லாத கெட்டிப் பந்துக்கும் அப்படியே நீட்டுவார். பந்து உள்ளங்கையின் அடிமேட்டில் பட்டுத் தெறிக்கும். விரல் நுனி அதற்கு நேராக இருந்தால் எலும்பு முறியலாம். விரல்கள் தரையையோ வானத்தையோ பார்க்க வேண்டும், வரும் பந்தைப் பார்க்கக் கூடாது. பந்து பட்ட கணத்தில் கை அதனோடு சேர்ந்து வயிற்றுப் பக்கம் பின்வாங்க வேண்டும். இது டென்னிஸ் பந்தில் படிந்த பிறகுதான் நிஜப் பந்து. ஸ்லிப்பில் கையுறையும் கிடையாது. விதிப்படி அது விக்கெட் கீப்பருக்கு மட்டுமே.

அப்படியானால் விக்கெட் கீப்பர் யார்? எங்கள் தேர்வு கோல் கீப்பர் பீட்டர் செக். 2019-இல் கால்பந்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்ட் ஃபீனிக்ஸ் அணிக்கு ஐஸ் ஹாக்கி கோல் கீப்பராகப் போய் நின்றவர். ஐஸ் ஹாக்கியின் ரப்பர் வட்டு 156 முதல் 170 கிராம், கிட்டத்தட்ட கிரிக்கெட் பந்தின் எடை. சிறிய, கெட்டியான பொருளைக் கையுறையால் பிடித்துக் காட்டியவர் உங்கள் பட்டியலில் இவர் ஒருவர்தான். (கால்பந்திலேயே அணிந்த தலைக்கவசமும் சொந்தமாக வைத்திருக்கிறார்.) தோனியும் பள்ளியில் கோல் கீப்பராக இருந்தவர்தானே என்பீர்கள். உண்மைதான், ஆனால் அவர் மாறியது பள்ளி வயதில்.

அடுத்தது பெக்காம். அவருடைய ஃப்ரீ கிக் வளைவதற்குக் காரணம் பந்தின் சுழற்சி. கிரிக்கெட்டில் இதற்கு உறவு ஸ்விங் அல்ல, சுழற்பந்தின் காற்று நகர்வு. வலக்கை ஆஃப் ஸ்பின்னரின் பந்து முதலில் ஸ்லிப் பக்கம் நகர்ந்து, குத்தியபின் உள்ளே திரும்புகிறதே, அதுதான். ஸ்விங்குக்கு வேண்டியது தையல் நிமிர்ந்து நிற்பதும் ஒரு பக்கம் பளபளப்பும். ரொனால்டோ சுழற்சியே இல்லாமல் உதைக்கும் ஃப்ரீ கிக்குக்கு நக்கிள் பால்தான் ஜோடி; 2011 உலகக் கோப்பையில் ஜாகீர் கான் வீசினாரே, அது. ஆனால் கால் செய்யும் வித்தைக்குக் கைவிரல் ஜாமீன் நிற்காது. இருவருக்கும் பந்தை முதலிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டும்.

கிரவுச்சின் உயரம் 2.01 மீட்டர் என்பதால் பவுன்சர் தானாக வந்துவிடாது. வேகப்பந்து வீச்சில் முன்கால் தரையில் ஊன்றும்போது முழங்கால் நீண்டு விறைத்து நின்றால்தான் ஓட்டத்தின் வேகம் கைக்கு ஏறும். உதைக்கும்போது ஊன்றும் காலை மடக்கியே பழகிய கால்பந்து வீரருக்கு அந்த முழங்கால் மடிந்துபோகும். வேகமும் உயரமும் கூடவே போய்விடும். சரி, விறைத்து ஊன்றக் கற்றுக்கொடுத்து உடனே நாளுக்குப் பத்து ஓவர் வீச விட்டால் கீழ்முதுகு எலும்பில் கீறல் விழலாம். கால்பந்து வீரர் ரோரி டெலாப்பின் நீண்ட த்ரோ-இன்னைக் காட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை: அது இரண்டு கையால் முழங்கையை மடக்கி எறிவது. பந்துவீச்சில் முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிர்ந்தால் அது எறிதல்.

இடக்கால் மெஸ்ஸியை இடக்கை மட்டையாளராகப் போடுவதும் வேண்டாம். சச்சின் எழுதுவது இடக்கையால், ஆடியது வலக்கையில்.

நீங்கள் கவனிக்காத நல்ல இடம் பவுண்டரிக் கோட்டருகே நிற்கும் லாங் ஆன். உயரப் பந்து எங்கே இறங்கும் என்று ஓடிக்கொண்டே கணிப்பது வான் டைக் போன்ற நடுத் தடுப்பாளருக்குத் தினசரி வேலை. தரைப்பந்துக்குக் காலை நீட்டும் பழக்கத்தை மட்டும் முதல் நாளே உடைக்க வேண்டும். ஷூவில் பட்ட பந்து பவுண்டரிக்கே போகும்.

கற்பனையே வேண்டாம் என்றால் நிஜமாகவே ஆடியவர்கள் இருக்கிறார்கள். 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கால்பந்து அணியின் தலைவர் சுனி கோஸ்வாமி, 1966-இல் இந்தூரில் மேற்கிந்தியத் தீவுகள் அணியை மத்திய மண்டலமும் கிழக்கு மண்டலமும் சேர்ந்த அணி வென்ற ஆட்டத்தில் 8 விக்கெட் எடுத்தவர். பிறகு வங்காள அணியை ரஞ்சி இறுதிவரை அழைத்துப்போனவர். ஆர்சனல் விங்கர் டெனிஸ் காம்ப்டன் 1947-இல் ஒரே பருவத்தில் 3,816 ஓட்டங்களும் 18 சதங்களும் குவித்தவர். மாறாக, 1966 உலகக் கோப்பை இறுதியில் மூன்று கோல் போட்ட ஜெஃப் ஹர்ஸ்ட் எசெக்ஸுக்கு ஆடியது ஒரே முதல்தர ஆட்டம். இரண்டு இன்னிங்ஸிலும் ஓட்டமே இல்லை. உங்கள் பட்டியலில் ஹர்ஸ்ட் இருக்கிறார், கோஸ்வாமி இல்லை.

அடுத்த முறை பேட்டிங் வரிசையோடு நிறுத்தாமல், 20 ஓவரை யார் யார் எத்தனை வீசுவார்கள் என்றும் எழுதுங்கள். ஒருவருக்கு 4 ஓவர்தான். ஆக, குறைந்தது ஐந்து பேர் வேண்டும். பெரும்பாலான பட்டியல்களில் மூன்று பேரைத் தாண்டவில்லை.

இப்படிக்கு,
கிளப் கிரிக்கெட் பயிற்சியாளர்கள் சிலர்