சால்மிங் தடுத்த பக்குகளை எண்ணித் தாருங்கள்

தொழில்முறை ஹாக்கி எழுத்தாளர் சங்கத்தின் மூத்த உறுப்பினர்களுக்கு,

வணக்கம். வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல்லில் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பைக்கு வாக்களிப்பவர்கள் நீங்கள். 1977இலும் 1980இலும் ஸ்வீடன்காரரான போர்யே சால்மிங் அதில் இரண்டாவதாக வந்தார். இரண்டு முறையும் வென்றவர் லாரி ராபின்சன். அதில் எனக்குக் குறையில்லை. 1976-77இல் ராபின்சனின் மாண்ட்ரியால் அணி 80 ஆட்டங்களில் எட்டில்தான் தோற்றது. நான் கேட்க வந்தது வேறு.

டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்காக 1,099 ஆட்டங்கள், 148 கோல், 620 அசிஸ்ட் (சக வீரரின் கோலுக்கு வழிசெய்த பாஸ்). ஏட்டில் இருக்கிற சால்மிங் இவ்வளவுதான். ஆனால் நேரில் பார்த்தவர்கள் அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால், சீறி வரும் பக்கின் (பந்துக்குப் பதிலாக அடிக்கும் கெட்டி ரப்பர் வட்டின்) முன்னால் உடம்பைக் கிடத்திவிடுவாரே, அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். அதற்கு ஒரு கணக்கும் இல்லை. தடுத்த பக்குகளை என்எச்எல் முறையாகக் கணக்கெடுக்கத் தொடங்கியது 1990களின் பிற்பகுதியில். சால்மிங் 1990லேயே ஸ்வீடனுக்குத் திரும்பிவிட்டார்.

அவருக்கு இந்தக் கணக்கு இல்லாதது எனக்கு உறுத்துகிறது. 1973இல் அவர் வந்தபோது ஸ்வீடன்காரர்கள் கோழைகள், அடிதாங்க மாட்டார்கள் என்று எதிரணியினர் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். வட ஸ்வீடனில் கிருனாவின் சுரங்கத்தில் தகப்பனைச் சிறுவயதிலேயே பறிகொடுத்து வளர்ந்தவர் அவர். பதிலைப் பனித்தரையில் விழுந்து விழுந்துதான் சொன்னார். மூன்றே ஆண்டுகளில், 1976 கனடா கோப்பையில், ஸ்வீடன் சட்டையோடு நின்றவருக்கு டொராண்டோ அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. 1986இல் ஸ்கேட் கிழித்து முகத்தில் இருநூறுக்கும் மேல் தையல் போட்டார்கள். அப்புறமும் ஆட வந்தார்.

இனி அவரிடம் கேட்க முடியாது. 2022 நவம்பரில் தசைகளைச் செயலிழக்க வைக்கும் ஏஎல்எஸ் என்ற நரம்பு நோயோடு டொராண்டோவுக்கு வந்தபோது அவரால் பேசவே முடியவில்லை. பழைய அணித்தோழர் டாரில் சிட்லர்தான் அழுதபடி அவர் கையைத் தூக்கிப் பிடித்தார். சில நாட்களில், 24ஆம் தேதி, காலமானார்.

அந்த ஆட்டங்களை நேரில் பார்த்து எழுதியவர்கள் உங்களில் இன்னும் இருக்கிறீர்கள். எஞ்சியிருக்கும் ஒளிப்பதிவுகளைத் தேடியெடுத்து, அவர் தடுத்த ஒவ்வொரு பக்கையும் எண்ணுங்கள். பதிவு இல்லாத ஆட்டங்களுக்கு உங்கள் பழைய குறிப்பேடுகளைப் புரட்டி, நினைவில் இருப்பதை எழுதுங்கள். எல்லாம் முடியாது, சரி. 1976-77 பருவம் ஒன்றையாவது இந்த ஆண்டு தொடங்குங்கள்.

அன்புடன்,
ஒரு ஹாக்கி ரசிகன்