கஜா புயலுக்குப் பின் மேல்மலைக்குத் தொலைபேசியை மீட்டுத் தந்தவர்களுக்கு நன்றி மடல்

கொடைக்கானல் மேல்மலை,
டிசம்பர் 2018

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம். கடந்த நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், அன்று பகலிலேயே திண்டுக்கல் மாவட்டத்துக்குள் புகுந்து எங்கள் பழனி மலைத்தொடரின் மேல் ஏறியது. புயல் என்றால் கடற்கரைக்காரர்கள் கவலை என்று இருந்துவிட்ட நாங்கள், யூகலிப்டஸ், வாட்டில் மரங்கள் வேரோடு சாயும் சத்தத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தோம். முதலில் மின்சாரம் போனது. செல்போன் கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரம் தாங்கியது. இருட்டுவதற்குள் அதுவும் ஓய்ந்தது. 22ஆம் தேதி, கார்த்திகை தீபத்துக்கு முதல் நாள் மாலை வரை எங்கள் ஊரில் ஒரு போன் கூட ஒலிக்கவில்லை.

அந்த ஆறு நாட்களில் முதல் மூன்று நாட்கள் உங்களை நாங்கள் திட்டித் தீர்த்தோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவதே மரியாதை. திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று சொல்ல வழியில்லை. நள்ளிரவில் யாருக்காவது நெஞ்சு வலித்தால் 108ஐக் கூப்பிட முடியாது. ரேஷன் கடையில் அரிசி இருந்தும், ஸ்மார்ட் கார்டை ஸ்கேன் செய்யும் இயந்திரம் சிக்னலுக்காகச் சுற்றிக்கொண்டே இருந்தது. கோபம் வராமல் இருக்குமா? ஆனால் டெல்டாவில் தென்னந்தோப்புகள் மொத்தமாகச் சாய்ந்து, ஊர் ஊராக மின்கம்பங்கள் முறிந்து கிடந்த அதே வாரத்தில், மலைக்கோடியில் இருக்கும் எங்களுக்கு ஆள் அனுப்பியதே பெரிது என்பது பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

கம்பியை இணைத்தவர்களுக்கு மட்டும் நன்றி சொன்னால் அது பாதி நன்றிதான். சாலை திறக்காமல் யாரும் மேலே வந்திருக்க முடியாது. பூம்பாறைக்கு இந்தப் பக்கம் வளைவுக்கு வளைவு மரம் கிடந்தது. நெடுஞ்சாலைத் துறைப் பணியாளர்களும் தீயணைப்பு வீரர்களும் வனத்துறையினரும் ஒரு முனையிலிருந்து அறுத்துக்கொண்டு வர, எங்கள் ஊர் இளைஞர்கள் அரிவாளும் கோடரியுமாக மறுமுனையிலிருந்து வெட்டிக்கொண்டு போனார்கள். அடுத்து, மின்வாரியத் தொழிலாளர்கள் வண்டி ஏறாத சரிவில் கம்பத்தைத் தோளில் சுமந்து ஏற்றினார்கள். மின்சாரம் வரும்வரை கோபுரத்தின் ஜெனரேட்டருக்கான டீசலை, மண் சரிந்த இடத்துக்கு அப்பாலிருந்து கேன்களில் தூக்கி வந்தவர்கள் கேரட் காட்டில் கூலிக்குப் போகும் எங்கள் பெண்கள். அவர்கள் கூலி கேட்கவில்லை.

ஜெனரேட்டர் ஓடியும் சிக்னல் வரவில்லை. கோபுரத்துக்கு வரும் கண்ணாடி இழைக் கேபிள் சாலையோரம் மண்ணுக்கடியில் புதைந்திருப்பதால் புயல் அதை ஒன்றும் செய்யாது என்று நினைத்திருந்தோம். சாயும் மரம் தன் வேரில் சிக்கிய கேபிளையும் சேர்த்து இழுத்துவிடும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டோம். போதாக்குறைக்கு, மண்ணை அள்ள வந்த ஜேசிபி இன்னோர் இடத்திலும் அதை அறுத்திருந்தது. (ஓட்டுநரைக் குறை சொல்ல மாட்டோம், அவர் இல்லாவிட்டால் சாலையே இல்லை.) கேபிளுக்குள் ஒளியைச் செலுத்தி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு முறிவு எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று சொல்லும் கருவி, கேபிளைச் சரிசெய்ய வந்தவர்களிடம் இருந்தது. ஆனால் அது சொல்வது கேபிளின் நீளத்தை. குழிகளில் சுருட்டி வைத்திருக்கும் உபரிக் கேபிளும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவதால், சாலையில் அளந்தால் இடம் தள்ளிப்போகும். இரண்டு இடங்களில் தோண்டி ஏமாந்து மூன்றாவது இடத்தில்தான் முறிவைக் கண்டார்கள்.

அந்த இடத்தில் மாலை முழுவதும் உடன் நின்றவன் என்ற முறையில் ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. இழைகளில் ஈரம் படக் கூடாது என்பதற்காக நான்கு கழிகளில் தார்ப்பாய் கட்டி, அதற்குள் இருவர் குந்தியிருந்தார்கள். மயிரிழை போன்ற கண்ணாடியைப் பிடிக்க விரல்கள் மரத்துப்போகவே, மூத்தவர் டீ கிளாஸை இரு கைகளாலும் பொத்திப் பொத்திச் சூடேற்றிக்கொண்டார். டீயைக் குடிக்கவே இல்லை. நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று இளையவர் நிறம் சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொன்றாகத் துடைத்து, நறுக்கி, இணைப்புக் கருவியில் வைத்தார். டார்ச் பிடித்திருந்த எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவன், கடைசி இழை சேரும்போது தானும் "வெள்ளை" என்று சேர்ந்து சொன்னான். பெயர் போட வேண்டாம் என்று இருவருமே கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

இன்னொருவரையும் விட்டுவிட முடியாது. சாலை திறந்த அன்றே, எங்கள் வீடுகளின் எண்களை ஒரு தாள் நிறைய எழுதி வாங்கிக்கொண்டு மலையிறங்கிய காய்கறி லாரி ஓட்டுநர், சிக்னல் கிடைத்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, எல்லா எண்களுக்கும் பேசிவிட்டுத்தான் ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போனார். அதற்குள் அன்றைய ஏலம் முடிந்திருந்தது.

நன்றி மடலில் கோரிக்கை வைப்பது முறையல்ல என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் தடுத்தார். இருந்தாலும், ஐப்பசி பிறக்கும் முன்பே மேல்மலைக் கோபுரங்களில் டீசலை இருப்பு வைக்குமாறு உரிய நிறுவனத்தைக் கேட்டுக்கொள்கிறோம். வைக்க எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இடம் தருகிறோம்.

அன்றிரவு நீங்கள் அவிழ்க்க மறந்துபோன தார்ப்பாயைக் கழுவிக் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறோம். அடுத்த முறை மேலே வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள். அதனுள் சுற்றியிருக்கும் மலைப்பூண்டு உங்கள் இருவர் வீட்டுக்கும்.

இப்படிக்கு,
ஊர் மக்கள் சார்பில் எழுதியவன்